கிரிப்டோவுக்கு நல்ல பெயர் எப்படி வரும்?

கேள்வி:

கோயம்புத்தூரில் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்ன நிறுவனம்தான். மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீத டிடிஎஸ் பிடித்துக் கட்டுகிறோம். ஆனால் பேப்பரைப் பிரித்தால் கிரிப்டோ ஆசை காட்டி யாரோ ஓய்வு பெற்றவரை ஏமாற்றிய செய்திதான் இருக்கிறது. டிவி விவாதம் என்றால் பின்னால் முகமூடி போட்ட ஹேக்கர் படம். வீட்டில் அப்பாவே, "வேற வேலை பாரும்மா" என்கிறார்.

எங்கள் நிர்வாகம் மாதம் பத்து நல்ல செய்தியாவது வர வேண்டும் என்கிறது. சில இணையதளங்களுக்குப் பணம் கொடுத்து எழுத வைக்கலாமா, பிரபலமான யூடியூபர் ஒருவரைப் பிடிக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. டிஜிட்டல் நாணயத்துக்கு ஊடகங்களில் இருக்கும் கெட்ட பெயரை மாற்ற உண்மையிலேயே வழி உண்டா? நிருபர்கள் எங்களை ஏன் நம்புவதில்லை?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

வழி இருக்கிறது. ஆனால் உங்கள் நிர்வாகம் யோசிக்கிற வழியில் போனால் இருக்கிற பெயரும் கெட்டுவிடும். அப்படிக் கெட்ட கதைகள் இந்தத் துறையிலேயே நிறைய உண்டு. பணம் ஒதுக்குவதற்கு முன்னால் அவற்றில் இரண்டு மூன்றையாவது உங்கள் நிர்வாகிகள் தெரிந்துகொள்ளட்டும்.

பிட்காயினின் பெயரைக் காப்பாற்றுவதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. 2012 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிட்காயின் ஃபவுண்டேஷன். அதற்கு முந்தைய ஆண்டு சில்க் ரோடு என்ற இணையச் சந்தையில் பிட்காயின் கொடுத்துப் போதைப்பொருள் வாங்குகிறார்கள் என்று காக்கர் தளத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பிட்காயின் என்றாலே போதை வியாபாரம் என்ற எண்ணம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம். பத்திரிகைகளிடமும் அரசிடமும் பேசி அந்த எண்ணத்தை மாற்றுவது புதிய அமைப்பின் முக்கிய வேலைகளில் ஒன்று. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் குழுவில் யார் யார் இருந்தார்கள்? துணைத் தலைவராக இருந்த சார்லி ஷ்ரெம், சில்க் ரோடில் வாங்குபவர்களுக்குப் பிட்காயின் போய்ச் சேர உதவிய வழக்கில் 2014 ஜனவரியில் கைதானார். பிறகு சிறைக்கும் போனார். இன்னொருவர் மார்க் கார்ப்பலிஸ், டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் தலைவர். ஷ்ரெம் கைதான மறு மாதமே மவுண்ட் காக்ஸ் சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று சொல்லித் திவால் மனு போட்டது. நல்ல பெயர் வாங்கித் தர வந்தவர்களே தலைப்புச் செய்தியானார்கள். அதன் பிறகு அந்த அமைப்பின் அறிக்கையை எந்த நிருபர் மதிப்பார்?

அடுத்தது விளம்பரக் காலம். 2021 இறுதியில் டி20 உலகக் கோப்பை ஒளிபரப்பில் கிரிப்டோ விளம்பரங்கள் குவிந்தன. அந்த நவம்பரில் பிரதமர் தலைமையில் நடந்த கூட்டத்தில், இளைஞர்களுக்கு ஆசை காட்டித் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க வேண்டும் என்று பேசப்பட்டதாகச் செய்தி வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சிலின் விதிகள் அமலுக்கு வந்தன. கிரிப்டோ கட்டுப்பாட்டுக்குள் வராதது, ஆபத்து அதிகம், நஷ்டம் வந்தால் முறையிட இடம் இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை அச்சு விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்க வேண்டும். 'கரன்சி' என்ற சொல்லையே விளம்பரத்தில் போடக்கூடாது. மிகையாகக் கூவியதற்குத் துறை கொடுத்த விலை இது. நீங்கள் அப்போது இந்த வேலையில் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த விளம்பரங்களின் கடன் இன்று உங்கள் தலையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிதாக நடந்தது. 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் பந்தயத்தின் இடைவேளையில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஒரு விளம்பரம் கொடுத்தது. நகைச்சுவை நடிகர் லாரி டேவிட், சக்கரம் முதல் மின்விளக்கு வரை எல்லாக் கண்டுபிடிப்பையும் "வேண்டாம்" என்று ஒதுக்கும் மனிதராக வருவார். கடைசியில் எஃப்டிஎக்ஸையும் வேண்டாம் என்பார். சந்தேகப்படுபவன் முட்டாள் என்பதுதான் விளம்பரம் சொன்ன சேதி. ஒன்பதே மாதத்தில், நவம்பர் 11 அன்று, எஃப்டிஎக்ஸ் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தைத் தன் இன்னொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிட்ட குற்றத்துக்காக அதன் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃப்ரீடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்று சந்தேகப்பட்டு விலகி நின்றவர்கள் தப்பித்தார்கள். இதைப் பார்த்த நிருபர் உங்கள் பத்திரிகைக் குறிப்பைச் சந்தேகத்தோடுதான் படிப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் படிப்பேன்.

எஃப்டிஎக்ஸ் விழுந்த கதையில் உங்கள் நிர்வாகம் மனப்பாடமே செய்துகொள்ள வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதை முதலில் வெளிக்கொண்டு வந்தது பெரிய நாளிதழ் எதுவும் இல்லை. காயின்டெஸ்க் என்ற கிரிப்டோ துறைச் செய்தித் தளம். 2022 நவம்பர் 2 அன்று, பேங்க்மன்-ஃப்ரீடின் இன்னொரு நிறுவனமான அலமேடாவின் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்து இயன் அலிசன் என்ற நிருபர் எழுதினார். 1,460 கோடி டாலர் சொத்து என்று கணக்கு காட்டியது. அதில் ஆகப் பெரிய இனம் எது தெரியுமா? எஃப்டிஎக்ஸ் தானே அச்சிட்டு வெளியிட்ட எஃப்டிடி என்ற டோக்கன், 366 கோடி டாலருக்கு. தன் வீட்டில் அடித்த சீட்டையே சொத்தாகக் காட்டியிருக்கிறார்கள். ஒன்பது நாளில் எல்லாம் முடிந்தது.

காயின்டெஸ்க் அப்போது டிஜிட்டல் கரன்சி குரூப் என்ற கிரிப்டோ முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். எஃப்டிஎக்ஸ் விழுந்த அதிர்ச்சியில் அந்தக் குழுமத்தின் கடன் நிறுவனமான ஜெனிசிஸும் அடுத்த ஜனவரியில் திவாலானது. அதாவது, தன் முதலாளியின் கல்லாவையே ஆட்டம் காணச் செய்த செய்தியை அந்தத் தளம் துணிந்து வெளியிட்டது. அதற்காக ஜார்ஜ் போல்க் இதழியல் விருது பெற்றது. கிரிப்டோ பத்திரிகையாளர் என்றால் விளம்பரக்காரர் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மதிப்பை அதன் வரலாற்றிலேயே ஆக அதிகமாக உயர்த்திய செய்தி, அதன் ஆகப் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றைச் சாய்த்த இந்தச் செய்திதான்.

எஃப்டிஎக்ஸ் விழுந்த அடுத்த மாதமே இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. தி பிளாக் என்ற இன்னொரு கிரிப்டோ செய்தித் தளத்தின் தலைமை நிர்வாகி மைக்கேல் மெக்காஃப்ரி, அலமேடாவிடமிருந்து மூன்று தவணையாக 4.3 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தது வெளியே வந்தது. தளத்தை வாங்க ஒரு பகுதி; பஹாமாஸில் சொத்து வாங்க ஒரு பகுதி. அலுவலகத்தில் மற்ற யாருக்கும் தெரியாது. அவர் விலகினார். ஆனால் அங்கே நேர்மையாக எழுதிக்கொண்டிருந்த இளம் நிருபர்களின் எழுத்தும் சந்தேகத்துக்கு உள்ளானது. அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பணம் கொடுத்து எழுத வைப்பது பற்றி உங்கள் அலுவலகத்தில் பேச்சு வந்தால் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கிய நல்ல செய்தி என்று ஒன்று தெரியவந்தால், விலை கொடுக்காமல் வந்த ஒன்பதும் அதே கணக்கில் சேர்ந்துவிடும்.

யூடியூபர் விஷயமும் இதுதான். இத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனைத் தன் இன்ஸ்டாகிராமில் புகழ்ந்த அமெரிக்கப் பிரபலம் கிம் கார்டாஷியன், அதற்காக 2.5 லட்சம் டாலர் வாங்கியதைச் சொல்லாமல் விட்டார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்துக்கு 2022 அக்டோபரில் அவர் கட்ட ஒப்புக்கொண்ட தொகை 12.6 லட்சம் டாலர். பணம் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்லும் யூடியூபராக இருந்தால் அது விளம்பரம். விளம்பர விதிகளோடு செய்யலாம். சொல்லாதவர் வேண்டாம். கூடவே ஒன்று: செய்தி சேகரிக்க வரும் நிருபருக்கு, பழகிப் பார்க்கட்டும் என்று ஐந்நூறு ரூபாய் மதிப்புள்ள காயின் கூட அன்பளிப்பாகக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நிருபர்கள் ஏன் நம்புவதில்லை என்பதற்கு மேலே சொன்னது பாதிப் பதில். மீதிப் பாதி அவர்களுடைய வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது.

உங்களைக் கோபப்படுத்தும் அந்த மோசடிச் செய்தியை எழுதுபவர் பொருளாதார நிருபர் அல்ல, கிரைம் நிருபர். மாலையில் சைபர் கிரைம் போலீஸிடமிருந்து குறிப்பு வரும். யாரிடம், எத்தனை லட்சம், எந்த டெலிகிராம் குழு என்று இருக்கும். 'கிரிப்டோ முதலீடு' என்ற சொல்லும் இருக்கும். பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் கூட இருக்காது. பல வழக்குகளில் ஏமாந்தவர் கிரிப்டோவை வாங்கியிருக்கவே மாட்டார். போலி ஆப் ஒன்றில் அவர் போட்ட பணம் இரட்டிப்பானதாக எண்கள் ஓடும். அவர் அனுப்பிய ரூபாய் யுபிஐ வழியாகவோ நெஃப்ட் வழியாகவோ யாரோ வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும். அங்கிருந்து பணத்தை நாட்டை விட்டு வெளியே கடத்தும்போதுதான் பெரும்பாலும் யுஎஸ்டிடி போன்ற காயினாக அது மாறும்.

இதை நிருபருக்கு விளக்க அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்? அந்த ஆள் நீங்களாக இருங்கள். "அது கிரிப்டோவே இல்லை சார், எங்களை ஏன் இழுக்கிறீர்கள்" என்று மறு நாள் சண்டைக்குப் போகாதீர்கள். ஓய்வூதியப் பணத்தை இழந்தவருக்கு அது கிரிப்டோவா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. வாசகரும் அவர் பக்கம்தான் நிற்பார், நிற்கவும் வேண்டும். மோசடி எப்படி நடந்திருக்கும், பணம் எந்தக் கட்டத்தில் காயினாக மாறுகிறது, எந்தக் கட்டம் வரை மீட்க வாய்ப்பு உண்டு, ஏமாந்தவுடன் 1930 எண்ணுக்கு உடனே அழைப்பது ஏன் முக்கியம் என்பதை நான்கு வரியில் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் வர வேண்டும் என்று கேட்காதீர்கள். சில மாதம் இப்படி உதவினால் அந்த நிருபர் சந்தேகம் வரும்போதெல்லாம் உங்களைக் கூப்பிடுவார்.

அவரை ஒரு நாள் அலுவலகத்துக்கு அழைத்து ஒரு பரிவர்த்தனையைத் திரையில் காட்டுங்கள். பிளாக்செயின் தேடல் பக்கத்தில் அந்த நீண்ட பரிவர்த்தனை எண்ணை ஒட்டினால் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை காயின், எந்த நேரத்தில் போனது என்று எல்லாம் வரும். பெறும் முகவரியைச் சொடுக்கினால் அங்கிருந்து அடுத்து எங்கே போனது என்பதும் தெரியும். யாரும் பார்க்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். கிரிப்டோ என்றால் கண்ணுக்குத் தெரியாத பணம் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, எத்தனை பத்திரிகைக் குறிப்பு அனுப்பினாலும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் ஹேக்கர்களுக்கு 75 பிட்காயின் பிணைப் பணம் கட்டியது. அடுத்த மாதமே அதில் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித் துறை கைப்பற்றியது இந்தத் தடத்தைப் பிடித்துப் போனதால் நடந்ததுதான். அதே மூச்சில் குறையையும் சொல்லிவிடுங்கள். முகவரி தெரியும், பெயர் தெரியாது. பெயர் தெரிய வேண்டுமானால் அந்தக் காயின் உங்களைப் போன்று கேஒய்சி வாங்கும் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாக வேண்டும். குறையை நீங்களே சொன்னால்தான் மற்றதை அவர் நம்புவார்.

சட்டவிரோதப் பரிவர்த்தனை மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று செயினாலிசிஸ் நிறுவனம் மதிப்பிட்டு வருகிறது. உங்கள் துறையினர் எந்தப் பேட்டியையும் இந்தச் சதவீதத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படி ஆரம்பிக்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள். எதிரில் ஏமாந்தவர் உட்கார்ந்திருக்கும்போது சதவீதம் பேசுவது மனிதத்தன்மை இல்லாத பேச்சு.

படங்களைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. முகமூடி ஹேக்கரை விட, பிட்காயின் செய்திகளோடு போடும் தங்க நிறக் காசுப் படம் அதிகக் கெடுதல் செய்கிறது என்பேன். கையில் பிடிக்கிற தங்கக் காசு போல ஒன்று இருப்பதாக, அதுவும் தங்கத்தைப் போல் மதிப்பு குறையாததாக, பார்த்தவர் மனதில் பதிந்துவிடுகிறது. பக்கம் வடிவமைப்பவர் படக் கிடங்கில் தேடினால் அதுதான் முதலில் வருகிறது. அவர் மேல் தப்பில்லை. பரிவர்த்தனைப் பக்கத்தின் படம், ஹார்டுவேர் வாலட், சுரங்கக் கணினிகள், உங்கள் ஊழியர்கள் கேஒய்சி சரிபார்க்கும் காட்சி என்று பத்துப் பதினைந்து நல்ல படங்களை எடுத்து, லோகோ இல்லாமல், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கொடுத்து வையுங்கள். செலவு குறைவு, பலன் நிச்சயம்.

ரிசர்வ் வங்கியின் இ-ரூபாயையும் தனியார் கிரிப்டோவையும் செய்திகளில் குழப்புவதுண்டு. 2022 டிசம்பர் 1 முதல் சோதனை முறையில் பொதுமக்கள் கைக்கு வந்த இ-ரூபாய், ரிசர்வ் வங்கி பொறுப்பேற்கும் ரூபாய். பிட்காயினுக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் கிடையாது. இந்தக் குழப்பம் உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் திருத்துங்கள்.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. எல்லா வாடிக்கையாளர்களின் கணக்கும் முடங்கியது. திருட்டில் சம்பந்தப்படாத தன் காயினைப் பாதுகாக்கக் கோரி ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ என்பது ஒரு சொத்து, அதை ஒருவர் உடைமையாக அனுபவிக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் கேட்கும் கேள்விக்கு மிக அருகில் வரும் தீர்ப்பு இது. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் காயின் யாருடையது? எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த நாட்டு வாலட்டில் இருக்கிறது? நாளைக்கே எல்லாரும் திருப்பிக் கேட்டால் கொடுக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் உங்கள் நிறுவனத்தின் பதிலைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். கையிருப்பை மட்டும் காட்டினால் போதாது. வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய பாக்கியையும் பக்கத்தில் போட்டு, வெளித் தணிக்கையாளர் கையெழுத்தோடு காட்டுங்கள். நிர்வாகம் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால், உங்கள் அப்பா சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாக, கெட்ட செய்தி உங்கள் வீட்டு வாசலுக்கே வரும் நாள். மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரி 7 அன்று காயின் எடுப்பதை நிறுத்தியது. பிறகு மூன்று வாரம் மழுப்பலான அறிக்கைகள். தளமே காணாமல் போனது. 28 அன்று திவால் மனு. 2025 பிப்ரவரி 21 அன்று துபாயில் இயங்கும் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள இத்தீரியம் திருடப்பட்டது. தொகை அளவில் அதுவரை வெளியே தெரிந்த கிரிப்டோ திருட்டுகளில் ஆகப் பெரியது. அதன் தலைமை நிர்வாகி பென் ஜோ சற்று நேரத்திலேயே திருட்டை ஒப்புக்கொண்டு எழுதினார், அன்றே நேரலையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார், காயின் எடுப்பதை நிறுத்தவில்லை. நிறுவனம் தொடர்ந்து நடக்கிறது. பாதுகாப்பில் விட்ட ஓட்டைக்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்த நாள் செய்திகளில் திருட்டோடு சேர்த்து அவர்கள் நடந்துகொண்ட விதமும் இருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு இரவு வரலாம் என்று வைத்துக்கொண்டு முதல் அறிக்கையை இப்போதே எழுதி வையுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு போனது, எந்த முகவரிக்குப் போனது, வாடிக்கையாளர் தன் காயினை எடுக்க முடியுமா முடியாதா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. ஐந்தே வரி; விவரத்துக்கு மட்டும் இடம் விடுங்கள். யார் பேசுவார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் பேசுவார் என்பதையும் முடிவு செய்து, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த இரவில் வழக்கறிஞர் வாயைத் திறக்க வேண்டாம் என்பார், முதலாளி காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அப்போது அவர்களோடு வாதாட உங்களுக்கு நேரம் இருக்காது.